ரிவ்யூ எவ்வளவு பாக்கி?

மருத்துவ மாணவர்கள் இரண்டு பேர் சந்தித்தால் இப்போதெல்லாம் "எந்தப் புத்தகம் படிக்கிற?" என்று கேட்பதைவிட "ரிவ்யூ எவ்வளவு பாக்கி?" என்று கேட்பதுதான் அதிகம். எல்லாம் ஆன்கி செய்த வேலை. 2006இல் வந்த மென்பொருள். ஒரு பக்கம் கேள்வி, மறுபக்கம் விடை என்று கார்டு கார்டாகப் படிக்க வைக்கும். ஐபோனில் மட்டும் காசு, மற்றதிலெல்லாம் இலவசம். நாம் மறக்கப்போகிற சமயம் பார்த்துக் கேள்வியைத் திரும்ப நீட்டும். அதுதான் ரிவ்யூ. இவ்வளவு மனப்பாடம் கேட்கிற படிப்புக்கு இதைவிடத் தோதான கருவி கிடையாது என்பேன். ஆனால் அதை ஏமாற்றிவிட்டு, அது சரியில்லை என்று திட்டுகிறவர்கள்தான் நிறைய.

பொத்தானிலேயே ஏமாற்று தொடங்குகிறது. விடை வரவில்லை என்றால் 'அகெய்ன்' அழுத்த வேண்டும். மனசு கேட்காமல் 'ஹார்டு' அழுத்துவார்கள். ஹார்டு என்றால் "திணறினேன், ஆனாலும் வந்துவிட்டது" என்றுதான் மென்பொருள் எடுத்துக்கொள்ளும். தெரியாத கார்டைத் தெரிந்ததாக எண்ணி, நாள் தள்ளிக் கொண்டுவரும்.

அடுத்தது கணக்கு. தினமும் 20 புதிய கார்டு போட்டால் போகப்போகத் தினசரி ரிவ்யூ ஏறக்குறைய 200இல் வந்து நிற்கும். கார்டுக்கு 8 விநாடி வைத்தால் அரை மணிக்குள் முடியும். பரீட்சை வருகிறதே என்று புதிய கார்டை 100 ஆக்கினால் ரிவ்யூ ஏறக்குறைய 1000 வரை போகும். நான்கு நாள் வார்டிலேயே கிடந்துவிட்டு வந்து திறந்தால், அன்றே செயலியைத் தூக்கிவிடத் தோன்றும். பாக்கி ஏறிவிட்டதா? புதிய கார்டை 0 ஆக்குங்கள், பழையதைக் கரைத்த பிறகு 10இல் தொடங்குங்கள்.

சீனியர் கொடுத்த டெக்கும், அதாவது கார்டுக் கட்டும், ஒரு பொறி. "பிரேக்கியல் பிளெக்ஸஸின் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) கிளைகள் யாவை?" என்று ஒரே கார்டில் இருந்தால் அது கார்டே இல்லை, பாதிப் பக்கம். பதினைந்து தெரிந்து ஒன்று விட்டுப்போனால் எந்தப் பொத்தானை அழுத்துவது? "மேற்கை எலும்பு நடுவில் முறிந்து, மணிக்கட்டு தொங்குகிறது. எந்த நரம்பு?" ரேடியல். ஒரு கேள்வி, ஒரு விடை, அவ்வளவுதான்.

முப்பரிமாண உடற்கூறியல் செயலிகள் அழகுதான். அவற்றில் தமனி சிவப்பு, நரம்பு மஞ்சள். உடலை அறுத்துப் பார்க்கும் டிசெக்ஷன் மேசையில் எல்லாமே ஏறக்குறைய ஒரே பழுப்பு நிறம். விரலிடையில் உருட்டிப் பார்க்க வேண்டும்: நரம்பு கெட்டியான கயிறு, தமனி உள்ளே குழாய், சிரை தட்டையாக அமுங்கும். அக்குளில் ஆங்கில 'எம்' எழுத்து வடிவில் மூன்று நரம்புகளைக் கண்டுபிடித்த பிறகு செயலியைத் திறந்தால் நன்றாகவே உதவும். வரிசையை மாற்றாமல் இருந்தால் போதும்.

இனி ஏஐ. 12 கிலோ குழந்தைக்குப் பாராசிட்டமால் கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்றால் 180 மில்லிகிராம். இதை அது சரியாகவே போடும். எத்தனை மில்லி கொடுப்பது என்று கேட்டால், 5 மில்லியில் 120 மில்லிகிராம் இருக்கிற சிரப் என்று தானே எடுத்துக்கொண்டு 7.5 மில்லி என்று சொல்லக்கூடும். கையில் இருப்பது 5 மில்லியில் 250 மில்லிகிராம் இருக்கிற புட்டியாக இருந்தால் கொடுக்க வேண்டியது 3.6 மில்லிதான். 7.5 கொடுத்தால் மருந்து இரு மடங்குக்கும் மேல் போய்விடும். அதனால் எடையோடு லேபிளில் இருக்கும் அளவையும் சேர்த்துக் கேளுங்கள். வந்த விடையைத் தாளில் ஒருமுறை நீங்களே போட்டுப் பாருங்கள்.