கால்நடை மருத்துவத்துக்கும் நீட் வேண்டுமா?

"நீட் மார்க் குறைந்தால் கால்நடை மருத்துவமும் போச்சு" என்று ஒரு கட்டுரையில் படித்தேன். தமிழ்நாட்டுக்கு அது பாதிதான் சரி. இங்கே மாநில ஒதுக்கீட்டு பி.வி.எஸ்.சி. (கால்நடை மருத்துவப் பட்டப்படிப்பு) இடங்களுக்கு பிளஸ் 2 மதிப்பெண்தான் கணக்கு. அகில இந்திய ஒதுக்கீட்டு 15 சதவீதத்துக்கு மட்டும் நீட்.

மாநில ஒதுக்கீட்டுக்கான கட்-ஆஃப் மதிப்பெண் 200-க்கு. உயிரியல் 100, இயற்பியலும் வேதியியலும் பாதியாக்கித் தலா 50. உயிரியலில் 98, இயற்பியலில் 94, வேதியியலில் 96 என்றால் 98 + 47 + 48 = 193. ஆக, உயிரியலில் விடும் ஒரு மார்க் மற்ற இரண்டில் விடுவதைப் போல இரண்டு மடங்கு அடிக்கும். பாட்டனி, ஜுவாலஜி தனித்தனியாக எடுத்தவர்களுக்கு இரண்டின் சராசரி.

நீட்டில் கணக்கே வேறு. 180 கேள்வி, 720 மார்க். சரியான விடைக்கு 4, தவறுக்கு மைனஸ் 1. தெரிந்த கேள்வியைக் கவனக்குறைவால் தப்பாகக் குறித்தால் இழப்பு ஐந்து மார்க். அந்த ஐந்துக்குள் எத்தனை ஆயிரம் பேர் நெருக்கியடித்து நிற்கிறார்கள் என்று ரேங்க் பட்டியலைப் பார்த்தாலே தெரியும்.

பலர் கோட்டை விடுவது தேதியில். நீட் முடிவு வரட்டும் என்று உட்கார்ந்திருப்பார்கள். கால்நடைப் பல்கலைக்கழக விண்ணப்பத்தின் கடைசித் தேதி அதில் தப்பிவிடலாம். இரண்டும் தனித்தனி விண்ணப்பம், தனித்தனி கலந்தாய்வு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்தவர்கள் 7.5 சதவீத ஒதுக்கீட்டுக்கான படிப்புச் சான்றை முன்கூட்டியே தலைமையாசிரியரிடம் வாங்கிவைப்பது நல்லது. முதல் சுற்றில் கிடைக்காவிட்டாலும் மனம் உடைய வேண்டாம்: எம்.பி.பி.எஸ். கிடைத்ததும் சிலர் கால்நடை மருத்துவ இடத்தை விட்டுப் போவார்கள், அந்த இடங்கள் அடுத்த சுற்றுக்கு வரும்.