பாட்டில் வரிகளுக்கே எடை கூடுதல் என்பேன்

பாட்டில் பெரியது இசையா, வரியா என்ற கேள்வி சில மாதங்களுக்கு ஒருமுறை நம் முகநூல் பக்கங்களில் தலைதூக்குகிறது. யாரோ ஒருவர் மேடையில் ஒரு சொல் சொல்லிவிடுகிறார். மறுநாளே இசையமைப்பாளரின் அன்பர்கள் ஒரு பக்கமும் கவிஞரின் அன்பர்கள் மறுபக்கமும் நின்று ஏசத் தொடங்கிவிடுகிறார்கள். நடுநிலை பேசுபவர்கள் இரண்டும் இரண்டு கண்கள் என்று சொல்லி விலகிக்கொள்கிறார்கள். அந்தச் சமரசத்தில் எனக்கு உடன்பாடில்லை. இசை சொல்லில்லாமலும் முழுமையாக வாழ முடியும். பாட்டு என்று நாம் அழைப்பது அப்படி வாழ முடியாது. ஆகவே பாட்டு என்ற வடிவத்துக்குள் வரிகளுக்கே எடை கூடுதல் என்பது என் கருத்து. அந்த எடையை நாம் உரியபடி மதிப்பதில்லை என்பது என் மனக்குறை.

இசையின் ஆற்றலை நான் குறைத்துப் பேசவில்லை. திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் நாகஸ்வரத் தோடியைப் பழைய ஒலிப்பதிவில் கேட்பவர்கூட ஒரு சொல்லின் தேவையை உணர்வதில்லை. ஆலாபனைக்குச் சொல் வேண்டாம். தவிலின் தனி ஆவர்த்தனத்துக்கும் வேண்டாம். ஆனால் அதே நாகஸ்வரம் ஒரு கீர்த்தனையை வாசிக்கத் தொடங்கும்போது நடப்பதைக் கவனிக்க வேண்டும். நல்ல வித்துவான் சாகித்தியத்தை, அதாவது பாட்டின் சொற்களை, மனத்தில் பாடிக்கொண்டே வாசிக்கிறார். சொல் எங்கே பிரிகிறதோ அங்கே நாவால் துத்துகாரம் கொடுத்து ஒலியை வெட்டுகிறார். சொல் முடியாத இடத்தில் மூச்சை விடுவதில்லை. பழைய ஆசிரியர்கள் மாணவர்களுக்கு முதலில் வாய்ப்பாட்டாகப் பாடச் சொல்லிக் கொடுத்து, பிறகே கருவியை எடுக்கச் சொன்னதற்கும் இதுதான் காரணம். கேட்பவர் காதில் ஒரு சொல்லும் விழாத இடத்திலும், பாட்டை வாசிக்கும்போது இசை சொல்லின் வடிவத்தைத்தான் பின்பற்றுகிறது.

தாலாட்டை எடுத்துக்கொள்வோம். தூளியில் கிடக்கும் குழந்தைக்கு ஆராரோ ஆரிரரோ என்ற ஒலியும் ஒரே சீரான அசைவும் போதும். அப்படியிருக்க, யார் அடித்து நீ அழுதாய் என்று தாய் ஏன் கேட்கிறாள்? மாமன் மல்லிகைப்பூச் செண்டால் அடித்தானோ என்றும், அத்தை அரளிப்பூச் செண்டால் அடித்தாளோ என்றும் ஏன் பாடுகிறாள்? சில வீடுகளில் அத்தையின் கையில் இருப்பது அல்லிப்பூ. சில வீடுகளில் அரளிப்பூ. மாமன் என்பவன் அவளுடைய உடன்பிறந்தவன், அத்தை என்பவள் அவளுடைய நாத்தனார் என்பதை நினைத்துப் பார்த்தால், மல்லிகை யாருக்குப் போயிற்று, அரளி யாருக்குப் போயிற்று என்பது புரிந்துவிடும். புகுந்த வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாததைத் தூளிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, மோனை தவறாமல், எல்லாரும் கேட்கும்படி சொல்லிவிடுகிறாள். மெட்டு குழந்தைக்கானது, வரிகள் அவளுக்கானவை.

ஒப்பாரியில் இது இன்னும் வெளிப்படை. ஒரு வட்டாரத்தில் ஒப்பாரியின் மெட்டு ஏறக்குறைய ஒன்றுதான். அப்பனை இழந்த மகளும், கணவனை இழந்த மனைவியும், பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் அதே இழுப்பில்தான் பாடுகிறார்கள். செத்தவர் யார், அவர் இருந்தபோது பாடுபவருக்கு என்னவாக இருந்தார், இனி அண்ணன் வீட்டு வாசலில் தனக்கு என்ன மரியாதை மிஞ்சும் என்பதையெல்லாம் வரிகள்தாம் சொல்கின்றன. நன்றாக ஒப்பாரி வைப்பவர் என்று ஊரில் பெயரெடுத்த பெண்ணைக் குரலுக்காகப் புகழ்ந்ததைவிட, அவர் கட்டும் சொல்லுக்காகப் புகழ்ந்ததையே நான் அதிகம் கேட்டிருக்கிறேன். நாட்டுப்புறப் பாட்டில் மெட்டு ஊருக்குப் பொதுச்சொத்து. சொல்தான் பாடுபவரின் சொந்தம். திரைப்பாட்டுக்குப் பழகிப்போன நமக்கு இந்த ஏற்பாடு தலைகீழாகத் தோன்றலாம். ஆனால் திரைப்பாட்டுக்கு இன்னும் நூறு வயதுகூட ஆகவில்லை. முதல் தமிழ்ப் பேசும்படம் வந்தது 1931இல்.

மெட்டு பொதுவாகவும் சொல் புதிதாகவும் இருக்கும்போது என்ன நடக்கும் என்பதற்குப் பாரதியாரைவிடச் சிறந்த சான்று எனக்குத் தெரியவில்லை. வீர சுதந்திரம் வேண்டி நின்றார் பின்னர் வேறொன்று கொள்வாரோ என்று தொடங்கும் பாட்டின் தலைப்பில், தில்லை வெளியிலே கலந்துவிட்டால் அவர் திரும்பியும் வருவாரோ என்னும் வர்ணமெட்டு என்ற குறிப்பு இருக்கிறது. அது கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் சரித்திரத்தில் வரும் மெட்டு. நந்தனார் கதை அன்றைய தமிழ்நாட்டில் கதாகாலட்சேபங்களின் வழியாகப் பட்டிதொட்டியெல்லாம் பரவியிருந்தது. பாரதியார் புது மெட்டைத் தேடவில்லை. மக்கள் ஏற்கெனவே முணுமுணுத்த மெட்டை எடுத்தார், திரும்பியும் வருவாரோ என்ற கேள்வி நின்ற இடத்தில் வேறொன்று கொள்வாரோ என்ற கேள்வியை அதே ஓசையில் வைத்தார். இறைவனோடு கலந்தவர் மீளமாட்டார் என்ற உறுதி, விடுதலையை விரும்பியவர் அதற்குக் குறைந்த எதையும் ஏற்கமாட்டார் என்ற உறுதியாக மாறியது. பழைய மெட்டு தன் பக்தியையும் கூடவே கொண்டுவந்து கொடுத்தது என்பதை மறுக்க முடியாது, அது இசையின் கொடைதான். ஆயினும் ஒரு ஸ்வரத்தையும் மாற்றாமல் ஒரு கோயில் பாட்டை நாட்டின் பாட்டாக மாற்றியது சொல்.

திரைத்துறையில் வரிக்கு மெட்டமைத்த காலமும் உண்டு, மெட்டுக்கு வரி எழுதும் காலமும் உண்டு. விஸ்வநாதனும் கண்ணதாசனும் இரண்டு வழியிலும் பாட்டுகளை உருவாக்கியவர்கள். இன்று பெரும்பாலும் மெட்டுதான் முதலில் வருகிறது. அதை நான் குறையாகச் சொல்லவில்லை. மெட்டுக்கு எழுதுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பது வெளியே தெரியாமல் போவதுதான் குறை. சொல் இல்லாமல் வெறும் அசைகளால் மெட்டைக் காட்டும் ஓர் எளிய தத்தகாரத்தைப் பாருங்கள். தனனன தானா என்று மெட்டு வருகிறது, கடைசி நெடில் நாலு எண்ணிக்கைக்கு நீள்கிறது என்று வைத்துக்கொள்வோம். மலைவரு காற்று என்று எழுதினால் அசைக்கணக்கு சரியாக இருக்கும். ஆனால் காற்று என்பதன் இறுதியில் நிற்பது குற்றியலுகரம். அரை மாத்திரைக்கு மேல் அதற்கு உரிமையில்லை என்கிறது இலக்கணம். அதை நாலு எண்ணிக்கைக்கு இழுத்தால் பாடகர் வாயில் அது காற்றூ என்றுதான் வரும். தென்றல் என்று மாற்றினால் லகரத்தில் நாக்கு மேலே ஒட்டிக்கொண்டு ஒலி அடைபடும். காற்றே என்று விளியாக்கினால் வாய் திறந்திருக்கிறது, குரல் விரும்பும் வரை நிற்கிறது. நம் திரைப்பாட்டுகளில் காற்றே, நிலவே, மலரே என்று கூப்பிடும் பழக்கம் இவ்வளவு பெருகியதற்குக் காதல் மட்டுமல்லாமல் இந்த வாய்த்தேவையும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன். அப்படி எழுதுபவர் பொருளையும் பார்க்கிறார், ஒலியையும் பார்க்கிறார். அவர் செய்வதில் பாதி இசைவேலை.

தமிழில் உயிரெழுத்தின் நீளம் பொருளையே மாற்றிவிடும் என்பதால் இந்தப் பொறுப்பு இசையமைப்பாளருக்கும் உண்டு. மலை நீண்டால் மாலை, கலை நீண்டால் காலை, விடு நீண்டால் வீடு. குறில் விழும் இடத்தில் மெட்டை நீட்டிவிட்டுக் கேட்பவரே புரிந்துகொள்ளட்டும் என்று விடுவது மொழிக்குச் செய்யும் அவமரியாதை. சொல்லின் நடுவில் மூச்சை வாங்கி அடுத்த பாதியை அடுத்த தாளத்தில் தொடங்குவதும் அப்படித்தான். லகர ளகர ழகர வேறுபாடு தெரியாத குரலைத் திருத்தாமல் பதிவுசெய்து வெளியிடுவதும், தாளக்கருவிகளின் ஓசையில் பாடுபவரின் குரலைப் புதைப்பதும் இன்று சாதாரணமாகிவிட்டன. பாட்டு வெளியான நாளன்றே வரிகளைத் திரையில் எழுத்தாக ஓடவிடுகிறார்கள். அது நல்ல வசதிதான். ஆனால் தமிழ் அறிந்தவருக்கே தமிழ்ப் பாட்டின் சொல் காதால் விளங்காமல் கண்ணால் விளங்க வேண்டியிருப்பது வருத்தத்துக்குரியது.

இசைக்கு மொழியில்லை என்ற வாதம் தமிழ்நாட்டுக்குப் புதிதல்ல. 1941இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943இல் ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் முயற்சியால் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும், எதிர்த்தவர்கள் முன்வைத்த முதன்மையான வாதம் அதுதான்: நாதத்துக்கு மொழி எதற்கு, சாகித்தியம் எந்த மொழியில் இருந்தால் என்ன? எழுத்தாளர் கல்கியும் இலக்கியத் திறனாய்வாளர் ரசிகமணி டி.கே.சி.யும் தமிழிசையின் பக்கம் நின்று வாதாடினார்கள். கேட்பவருக்குப் புரியாத, சில வேளைகளில் பாடுபவருக்கும் புரியாத சொற்களை வைத்துக்கொண்டு மேடையில் முழு அனுபவம் கிடைக்கிறது என்று சொல்ல முடியுமா என்பது அன்றைய போராட்டத்தின் அடிப்படைக் கேள்வி. தியாகராஜரின் பாட்டைத் தெலுங்கறிந்தவர் கேட்கும்போது அவருக்குள் நிகழ்வது வேறு, அறியாத நமக்குள் நிகழ்வது வேறு. நமக்குக் கிடைப்பதும் அழகுதான். ஆனால் தியாகராஜர் ராமனிடம் முறையிட்டதும் ஊடியதும் கெஞ்சியதும் நமக்குக் கிடைக்காமல் போகின்றன. அவரைப் பொறுத்தவரை பாட்டே அதுதானே.

இங்கே ஒரு மறுப்பு வரும், அது வலுவானது. மொழி தெரியாத பாட்டுகளை நாமெல்லாம் விரும்பிக் கேட்கிறோம். 1992இல் வந்த ரோஜா படத்தின் மெட்டுகள் இந்தி வரிகளோடு வடக்கே போய் அங்கும் கொண்டாடப்பட்டன. வரிகள் மாறியும் பாட்டு வென்றதே என்பார்கள். உண்மை. அதே படத்துக்காக ரஹ்மான் இசைக்கான தேசிய விருதையும், சின்னச் சின்ன ஆசை பாட்டுக்காக வைரமுத்து பாடலாசிரியருக்கான தேசிய விருதையும் பெற்றார்கள் என்பதும் உண்மை. மெட்டு எல்லை தாண்டும் என்பதில் ஐயமில்லை. ஆனால் வேற்றுமொழிக்குள் நுழைந்த மெட்டு சொல் இல்லாமல் நுழையவில்லை. அந்த மொழியில் ஒருவர் உட்கார்ந்து புதிதாக எழுதிக் கொடுத்த பிறகே அது அங்கே பாட்டாயிற்று. புரியாத மொழிப் பாட்டைக் கேட்கும்போது நாம் அனுபவிப்பது குரலை ஒரு கருவியாக வைத்த இசையை. அது நல்ல அனுபவம், குறைந்த அனுபவமென்று நான் சொல்லவில்லை. ஆனால் சாவு வீட்டில் எந்தப் பாட்டைப் போடுகிறோம் என்று பாருங்கள். 1962இல் வந்த பாதகாணிக்கை படத்தின் வீடு வரை உறவு பாட்டு இன்றும் தமிழ்நாட்டில் இறுதி ஊர்வலத்தோடு போகிறது. துக்கமான ராகத்தில் அமைந்த பாட்டுகள் நூற்றுக்கணக்கில் இருக்க, இதைத் தேடிப் போடுவதற்கு அது சொல்லும் செய்திதான் காரணம்.

சட்டம் இந்த இரண்டையும் தனித்தனிப் படைப்பாகவே பார்க்கிறது. 1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டத்தில் இசைப் படைப்பு என்பதற்குள் சொற்கள் அடங்கா. வரிகள் இலக்கியப் படைப்பாகத் தனியே பாதுகாக்கப்படுகின்றன. ஆனால் 1977இல் உச்ச நீதிமன்றம் அளித்த ஒரு தீர்ப்புக்குப் பிறகு, படத்துக்காக எழுதியவரும் இசையமைத்தவரும் தயாரிப்பாளரிடம் உரிமையை இழந்து நின்றார்கள். 2012இல் வந்த திருத்தம்தான், திரையரங்குக்கு வெளியே பாட்டு பயன்படும்போது ராயல்டியில் பங்கு பெறும் உரிமையை இருவருக்கும் உறுதிசெய்தது. அந்தத் திருத்தத்துக்காக மாநிலங்களவையில் அழுத்தமாக வாதாடியவர் ஜாவேத் அக்தர், ஒரு பாடலாசிரியர். அவர் பெற்றுத் தந்த பலனை இசையமைப்பாளர்களும் அனுபவிக்கிறார்கள் என்பதைச் சண்டையின் நடுவில் நினைவில் வைப்பது நல்லது.

வரிகளுக்காகப் பேசும் நான் வரி எழுதுபவர்களையும் விட்டுவிட முடியாது. கண்ணே, பெண்ணே, விண்ணே என்று எதுகைக்காக மட்டும் அடுக்கிச் சந்தத்தை நிரப்புவது, பல்லவியில் ஒரு நல்ல தொடரைக் கொடுத்துவிட்டுச் சரணங்களைக் கைக்கு வந்தபடி முடிப்பது, ஒரு படத்துக்கு எழுதியதை எந்தப் படத்திலும் வைக்கலாம் என்ற அளவுக்குப் பொதுவாக எழுதுவது ஆகியவையெல்லாம் வரிக்கு எதற்கு மதிப்பு என்ற கேள்வியைத் தாமே வரவழைக்கின்றன. பட்டுக்கோட்டை கல்யாணசுந்தரம் 1959இல் மறைந்தபோது அவருக்கு வயது 29. அவருடைய பாட்டுகளைப் பட்டுக்கோட்டையார் பாட்டு என்றே மக்கள் இன்றும் சொல்கிறார்கள். இசையமைத்தவர் பெயரோ நடித்தவர் பெயரோ முன்னால் வருவதில்லை. எழுதுபவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தால் மக்கள் அவர் பெயரைத் தாமே தேடி வைத்துக்கொள்வார்கள் என்பதற்கு அவர் சாட்சி.

பரிபாடலில் பெரும்பாலான பாட்டுகளின் முடிவில் ஒரு சிறு குறிப்பு உண்டு. மூன்றாம் பாட்டின் கீழே, கடுவன் இளவெயினனார் பாட்டு, பெட்டனாகனார் இசை, பண்ணுப் பாலையாழ் என்று இருக்கிறது. எழுதியவர் பெயர், இசை வகுத்தவர் பெயர், பண்ணின் பெயர் மூன்றையும் எழுதி வைத்த மரபு நம்முடையது. பெட்டனாகனாரின் இசை நமக்குக் கேட்கக் கிடைக்கவில்லை. ஓலை சொல்லைக் காத்தது, ஒலியைக் காக்க அதற்கு வழியில்லை. அந்த இழப்பு பெரியது. ஆனாலும் அவர் பெயரை மறக்காமல் எழுதிய நேர்மை அன்றைய ஏட்டில் இருந்தது. இலங்கை வானொலியின் அறிவிப்பாளர்கள் படத்தின் பெயரோடும் பாடியவர், இசையமைத்தவர் பெயர்களோடும் எழுதியவர் பெயரையும் சொல்லி ஒரு தலைமுறையையே பழக்கினார்கள். இன்றைய இசைச் செயலிகளைத் திறந்தால் பாடியவர் பெயரும் இசையமைத்தவர் பெயரும் பாட்டின் கீழேயே நிற்கின்றன. எழுதியவர் பெயரைக் காண இன்னும் இரண்டு இடத்தில் விரலை வைக்க வேண்டியிருக்கிறது, சில பாட்டுகளுக்கு அங்கும் இருப்பதில்லை. பாட்டுகளை வெளியிடும் நிறுவனங்கள் தரவை ஏற்றும்போதே எழுதியவர் பெயரை முதல் வரியில் சேர்க்க வேண்டும், பண்பலை அறிவிப்பாளர்கள் அதைச் சொல்ல வேண்டும், பாட்டைப் பகிரும் நாமும் நம் பதிவில் அந்தப் பெயரை எழுத வேண்டும். கடைசியாகச் சொன்னதை நான் இன்றே தொடங்குகிறேன்.