படைகள் திரும்பப் பெறப்பட்டன

1944 ஜூன் 5. மறுநாள் காலை நார்மண்டிக் கடற்கரையில் ஒன்றரை லட்சம் வீரர்கள் இறங்கப் போகிறார்கள். நேசநாட்டுப் படைகளின் தலைமைத் தளபதியும் பின்னாளில் அமெரிக்க அதிபருமான ஐசன்ஹோவர் ஒரு சின்னத் தாளை எடுத்துப் பென்சிலால் சில வரிகள் எழுதுகிறார். தோற்றுவிட்டால் வெளியிட வேண்டிய அறிக்கை அது. எழுத்தாளர் குழு இல்லை, உதவியாளர் இல்லை, அவரே எழுதியது. இருந்த பதற்றத்தில் தேதியைக்கூட ஜூலை 5 என்று தப்பாகப் போட்டிருக்கிறார்.

அதில் முதலில் "படைகள் திரும்பப் பெறப்பட்டன" என்று எழுதியிருக்கிறார். பிறகு அதை அடித்துவிட்டு "நான் படைகளைத் திரும்பப் பெற்றுவிட்டேன்" என்று மாற்றியிருக்கிறார். கொஞ்சம் தள்ளி "இந்த நடவடிக்கை" என்று இருந்ததையும் அடித்து "தாக்குவது என்ற என் முடிவு" என்று ஆக்கியிருக்கிறார். வீரர்கள் தங்களால் முடிந்த எல்லாவற்றையும் செய்தார்கள், பழியோ தவறோ இருந்தால் அது என்னுடையது மட்டுமே என்று முடிகிறது. அந்தக் கடைசிச் சொற்களுக்கு அடியில் ஒரு கோடு.

அமெரிக்க அதிபர்களின் பேச்சுகள் என்றால் எல்லோரும் லிங்கனின் கெட்டிஸ்பர்க் உரை, கென்னடியின் பதவியேற்பு உரை என்று தொடங்குவார்கள். எனக்கு இந்த இரண்டு அடித்தல்கள்தான் முதலில் நினைவுக்கு வரும். காரணம், நான் பல வருஷம் அலுவலகக் கடிதம் எழுதிப் பிழைத்தவன். "தாமதம் ஏற்பட்டுள்ளது" என்று எத்தனை முறை எழுதியிருப்பேன் என்று கணக்கில்லை. "தாமதம் செய்துவிட்டேன்" என்று ஒரு முறை எழுதியதாகவும் ஞாபகமில்லை. ஒரு தடவை ஒரு கோப்பை நானே தொலைத்தேன். கடிதத்தில் என்னவோ கோப்புக்குக் கால் முளைத்துத் தானாகப் போய்விட்டதுபோல "கோப்பு காணப்படவில்லை" என்று எழுதி அனுப்பினேன். நம் மொழியில் இதற்குப் பெரிய வேலைகூட வேண்டாம். "உடைத்தது" என்பதில் ஒரு "த்" போய் "ந்" வந்தால் போதும், உடைத்தவன் மாயமாகிவிடுவான்.

ஆங்கிலத்தில் இதே வேலையைச் செய்ய "தவறுகள் நடந்துவிட்டன" என்ற பொருளில் ஒரு வாக்கியம் தயாராக இருக்கிறது. வெள்ளை மாளிகைக்காரர்கள் அதைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துகிறார்கள். லெபனானில் சிக்கிய பிணைக்கைதிகளை மீட்க ஈரானுக்கு ஆயுதம் விற்ற விவகாரத்தில் ரீகன் 1987 ஜனவரியில் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் முன்னால் அதைச் சொன்னார். தேர்தல் நிதி திரட்டிய விவகாரத்தில் கிளின்டன் 1997 ஜனவரியில் சொன்னார். கட்சி வேறு, விவகாரம் வேறு, வாக்கியம் மட்டும் அதேதான்.

சரி, "நான் பொறுப்பேற்கிறேன்" என்று ஒருவர் சொல்லிவிட்டால் நல்ல தலைவரா? அப்படித்தான் நானும் ரொம்ப நாள் நினைத்திருந்தேன். நிக்சன் அதைக் கெடுத்துவிட்டார்.

1973 ஏப்ரல் 30 இரவு. எதிர்க்கட்சி அலுவலகத்துக்குள் ஆள் புகுந்த வாட்டர்கேட் விவகாரம் கழுத்தை நெரிக்கிறது. தன்னுடைய இரண்டு பெரிய உதவியாளர்களான ஹால்ட்மன், எர்லிக்மன் இருவரும் பதவி விலகுவதாக நிக்சன் தொலைக்காட்சியில் அறிவிக்கிறார். மேசையில் ஒரு பக்கம் குடும்பப் படம், இன்னொரு பக்கம் லிங்கனின் மார்பளவுச் சிலை. கீழே வேலை செய்தவர்கள்மேல் பழியைப் போடுவதுதான் எனக்குச் சுலபம், ஆனால் அது கோழைத்தனம் என்கிறார். எந்த அமைப்பிலும் உச்சியில் இருப்பவர்தான் பொறுப்பேற்க வேண்டும், அந்தப் பொறுப்பு இந்த அறைக்குரியது, அதை ஏற்கிறேன் என்கிறார். தனியாக எடுத்துப் படித்தால் ஐசன்ஹோவர் தாளுக்குக் கொஞ்சமும் குறைந்ததில்லை. இலக்கணத்தில் ஒரு குறை சொல்ல முடியாது. எல்லாம் தன்மை ஒருமை.

ஆனால் அதற்குப் பத்து மாதம் முன்பே, 1972 ஜூன் 23 அன்று, உள்நாட்டுப் புலனாய்வு அமைப்பான எஃப்.பி.ஐ.யின் விசாரணையை உளவு அமைப்பான சி.ஐ.ஏ.வை வைத்து நிறுத்தச் சொல்லி அதே அலுவலகத்தில் அவர் பேசியது ஒலிநாடாவில் பதிவாகியிருந்தது. 1974 ஆகஸ்ட் 5 அன்று அது வெளியே வந்தது. மூன்று நாளில் ராஜினாமாவை அறிவித்தார். அந்த உரையில், எடுத்த முடிவுகளில் சில தவறாக இருந்தால், சில தவறுதான், அவை நாட்டின் நலனுக்காக எடுக்கப்பட்டவை என்றார். உண்மை வெளியே வந்த பிறகு "நான்" போய் "எடுக்கப்பட்டவை" வந்துவிட்டது, பாருங்கள்.

ஆக, சொன்ன வார்த்தையை மட்டும் வைத்து எடை போட முடியாது. சொன்ன நேரத்தில் அவர் கையைவிட்டு என்ன போனது என்று பார்க்க வேண்டியிருக்கிறது. நிக்சன் அன்று இரண்டு உதவியாளர்களைக் கொடுத்துத் தன்னைக் காப்பாற்றிக்கொண்டார்.

ஐசன்ஹோவரையும் கோயில் கட்டிக் கும்பிட வேண்டியதில்லை. அவர் அதிபராக இருந்தபோது, 1960 மே 1 அன்று, யு-2 உளவு விமானத்தை சோவியத் யூனியன் சுட்டு வீழ்த்தியது. அது வானிலை ஆய்வு விமானம், வழி தவறிப் போய்விட்டது என்று அவருடைய அரசு சாதித்தது. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்த கதை. விமானி உயிரோடு எங்களிடம் இருக்கிறார் என்று சோவியத் தலைவர் குருஷ்சேவ் அறிவித்த பிறகுதான் உண்மையை ஒப்புக்கொண்டார்கள்.

கென்னடிக்கு நேர்ந்தது வேறு மாதிரி. 1961 ஏப்ரலில் காஸ்ட்ரோ ஆட்சியைக் கவிழ்க்க சுமார் 1,400 கியூப அகதிகளைக் கியூபாவின் பிக்ஸ் விரிகுடாவில் இறக்கிவிட்டு மூன்றே நாளில் தோற்றார்கள். திட்டம் முந்தைய ஆட்சியில், அதாவது இதே ஐசன்ஹோவர் காலத்தில், தொடங்கியது. கென்னடி நினைத்திருந்தால் அந்தப் பக்கம் கைகாட்டியிருக்கலாம். வெற்றிக்கு நூறு அப்பன், தோல்வி அனாதை என்ற பொருளில் ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு, அரசின் பொறுப்பான அதிகாரி நான்தான் என்றார். அடுத்து எடுத்த கேலப் கருத்துக்கணிப்பில் ஆதரவு 83 சதவீதம்! தோற்றவருக்கு மாலை மரியாதை.

இதைப் பார்த்து நேர்மைக்குப் பலன் உண்டு என்று யாராவது சொன்னால், கார்ட்டரைக் காட்டுவேன். ஈரானில் அமெரிக்கப் பிணைக்கைதிகளை மீட்கப் போன படை பாதியில் திரும்ப, பாலைவனத்தில் ஹெலிகாப்டர் ஒன்று விமானத்தில் மோதி 8 பேர் செத்தார்கள். 1980 ஏப்ரல் 25 காலை ஏழு மணிக்கு கார்ட்டர் நாட்டுக்குச் சொன்னார்: முயற்சி செய்வது என்பது என் முடிவு, கைவிடுவது என்பதும் என் முடிவு, பொறுப்பு முழுவதும் என்னுடையது. சுற்றிவளைப்பே இல்லை. நவம்பர் தேர்தலில் 44 மாநிலங்கள் அவரைக் கைவிட்டன. அந்தப் பேச்சினால் தோற்றார் என்று சொல்ல வரவில்லை, விலைவாசியும் பிணைக்கைதிகளும் சேர்ந்து தோற்கடித்தார்கள். ஆனால் அந்தப் பேச்சு அவரைக் காப்பாற்றவும் இல்லை. எனக்கு இவர்கள் எல்லோரிலும் கார்ட்டர் பேச்சுதான் ரொம்பப் பிடிக்கும்.

ரீகனிடம் திரும்ப வருகிறேன், பாதியில் விட்டுவிட்டேன். ஜனவரியில் மழுப்பியவர் மார்ச் 4 அன்று மறுபடி வந்தார். பிணைக்கைதிகளுக்காக ஆயுதம் கொடுக்கவில்லை என்று உங்களிடம் சொன்னேன், அது உண்மை என்றுதான் என் இதயம் இன்னும் சொல்கிறது, ஆனால் ஆதாரங்கள் அது உண்மையில்லை என்கின்றன என்றார். என்ன சாமர்த்தியம்! பொய் சொன்னது நாக்கு, இதயம் சுத்தம். பழி ஓரிடம், பாவம் ஓரிடம். ஆனாலும் அதே பேச்சில் என் செயல்களுக்கும் என் நிர்வாகத்தின் செயல்களுக்கும் முழுப் பொறுப்பேற்கிறேன் என்றும் சொன்னார். பாதி மதிப்பெண் கொடுக்கலாம்.

சமீபத்தியவர்களைப் பற்றி அதிகம் எழுதினால் பின்னூட்டத்தில் சண்டை வரும். கொரோனாப் பரிசோதனைத் தாமதத்துக்குப் பொறுப்பேற்கிறீர்களா என்று 2020 மார்ச்சில் கேட்டபோது, நான் பொறுப்பேற்கவே மாட்டேன் என்றார் டிரம்ப். 2021 ஆகஸ்டில் காபூல் விழுந்தபோது, பொறுப்பு என்னோடு நிற்கிறது என்றார் பைடன். ஆனால் அதே உரையில் ஆப்கன் படையையும் டிரம்ப் போட்ட ஒப்பந்தத்தையும் இழுத்துவிட்டார். முன்னவர் பூசி மெழுகவாவது இல்லை.

அப்புறம் லிங்கன். மேடைப் பேச்சு அல்ல, ஒரு கடிதம். 1863 ஜூலை 13 அன்று உள்நாட்டுப் போரின் நடுவே தளபதி கிராண்டுக்கு எழுதியது. இருவரும் அதுவரை நேரில் சந்தித்ததில்லை. விக்ஸ்பர்க் நகரைப் பிடிக்க நீங்கள் போன வழி தவறு என்று பயந்தேன், நீங்கள் நினைத்ததுதான் சரி, நான் நினைத்தது தவறு, அதை ஒப்புக்கொள்ளவே எழுதுகிறேன் என்கிறார். ஜெயித்துவிட்ட தளபதிக்கு இப்படி எழுத வேண்டிய கட்டாயமே இல்லை. அவர் மனதில் நினைத்தது யாருக்கும் தெரியப் போவதுமில்லை.

அந்தக் கடிதத்தைப் பெற்ற கிராண்ட் பிறகு எட்டு ஆண்டுகள் அதிபராக இருந்தார். அவர் ஆட்சியில் சொந்தச் செயலாளர் முதல் போர்த்துறை அமைச்சர் வரை ஊழல் புகாரில் சிக்கினார்கள். 1876 டிசம்பர் 5 அன்று காங்கிரசுக்கு அனுப்பிய கடைசி ஆண்டறிக்கையில் எழுதுகிறார்: தவறுகள் நடந்துள்ளன, எல்லோருக்கும் தெரிகிறது, நானும் ஒப்புக்கொள்கிறேன். அதே வாக்கியத்தில் ஓர் "ஆனால்" வந்துவிடுகிறது. பெரும்பாலும் உதவியாளர்களைத் தேர்ந்தெடுத்ததில்தான் தவறு நடந்ததாம். அவர்களையும் மக்கள் பிரதிநிதிகள் சிபாரிசு செய்துதான் எடுத்தாராம்.