திறந்து மூடும் அருவிகள்

கனடாவின் அருவிகள் என்று யார் பட்டியல் போட்டாலும் நயாகரா முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. டொரண்டோவில் இருக்கும் நம்மவர்களும் ஊரிலிருந்து விருந்தாளி வந்த கையோடு காரை அங்கேதான் விடுகிறார்கள். விடட்டும், பார்க்க வேண்டிய இடம்தான். ஆனால் உயரத்தில் அது அந்த நாட்டின் முன்வரிசையில்கூட இல்லை. நயாகராவின் பெரிய பகுதியான குதிரைலாட அருவி ஏறக்குறைய 57 மீட்டர். கியூபெக் நகரை ஒட்டியிருக்கும் மோன்மொரன்சி 83 மீட்டர். பிரிட்டிஷ் கொலம்பியாவின் ஹெல்ம்கன் 141, ராக்கி மலையின் டகாக்கா 373.

உயரத்தை வைத்துச் சண்டை போட எனக்கு விருப்பமில்லை. விழுகிற தண்ணீரை யார் தீர்மானிக்கிறார்கள் என்பதுதான் என் கேள்வி.

நயாகராவில் இதற்கு எழுத்திலேயே விடை உண்டு. 1950-ல் கனடாவும் அமெரிக்காவும் செய்துகொண்ட ஒப்பந்தப்படி, சுற்றுலாப் பருவத்தின் பார்வை நேரத்தில் வினாடிக்குக் குறைந்தது ஒரு லட்சம் கன அடி தண்ணீர் விழ வேண்டும். இரவிலும் குளிர்காலத்திலும் ஐம்பதாயிரம் போதும். மிச்சத்தை மின்நிலையங்கள் எடுத்துக்கொள்ளலாம். அருவிக்கு மேலே ஆற்றில் நிற்கும் 18 மதகுகள் இந்தக் கணக்கைப் பார்த்துக்கொள்கின்றன. கூட்டம் கலைந்ததும் அருவியைக் குறைத்து வைக்கிறார்கள், அவ்வளவுதான் விஷயம். இதில் எனக்குப் பெரிய கோபம் இல்லை. பாறை அரிப்பு மட்டுப்பட்டதற்கும் இந்தப் பங்கீடு ஒரு காரணம்.

வடமேற்குப் பிரதேசத்தில் நஹானி ஆற்றின் வர்ஜீனியா அருவிக்கு அதிர்ஷ்டம் இருந்தது. அங்குள்ள பூர்வகுடிகளான டெனே மக்கள் அதை நாயிலிச்சோ என்கிறார்கள். 90 மீட்டருக்கு மேல் உயரம். நடுவில் ஒரு பாறைத்தூண் நிமிர்ந்து நிற்க, ஆறு இரண்டாகப் பிளந்து அதன் இருபுறமும் இறங்குகிறது. அங்கேயும் மின்சாரத்துக்காகக் கண் வைத்திருந்தார்கள். 1972-ல் அந்த இடத்தைத் தேசியப் பூங்காவாக ஒதுக்கியதால் தப்பியது. 1978-ல் யுனெஸ்கோவின் முதல் உலகப் பாரம்பரியப் பட்டியலிலேயே நஹானி இடம்பெற்றது. சாலை கிடையாது, மிதவை விமானத்தில்தான் போக வேண்டும். செலவைக் கேட்டால் பலருக்கு ஆசை அடங்கிவிடும்.

லாப்ரடாரில் இருக்கும் சர்ச்சில் அருவிக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. 75 மீட்டர் உயரத்திலிருந்து முழு ஆறும் கொட்டிக்கொண்டிருந்த இடம் அது. 1970-களின் தொடக்கத்தில் ஆற்றைத் திருப்பிவிட்டார்கள். மொத்தம் 64 கிலோமீட்டர் நீளத்துக்கு 88 கரைகளை எழுப்பி, பீடபூமியின் ஏரிகளையும் சதுப்புகளையும் ஒரே நீர்த்தேக்கமாக்கினார்கள். அங்குள்ள பூர்வகுடிகளான இன்னு மக்களின் வேட்டை நிலங்களும் மூதாதையரைப் புதைத்த இடங்களும் அதில் மூழ்கின. அவர்களிடம் சம்மதம் கேட்கவில்லை. இன்று தண்ணீர் பாறைக்குள் 300 மீட்டர் இறங்கி, 5,428 மெகாவாட் மின்சாரம் தருகிறது. அருவி இருந்த இடத்தில் பெரும்பாலான நாட்களில் வெற்றுப் பாறைதான். நீர்த்தேக்கம் நிரம்பி உபரியைத் திறக்கும்போது மட்டும் அருவி திரும்ப வருகிறது.

போகட்டும், அருவி இருக்கும் நியூஃபவுண்ட்லாந்து-லாப்ரடார் மாகாணமாவது பிழைத்ததா? 1969-ல் போட்ட ஒப்பந்தம் 2041 வரை செல்லும். அதன்படி மின்சாரத்தின் பெரும்பகுதி அண்டை மாகாணமான கியூபெக்குக்குப் போகிறது. 2016 முதல் யூனிட்டுக்கு 0.2 சென்ட். ஒரு சென்ட்டில் ஐந்தில் ஒரு பங்கு! நியாயம் கேட்டு உச்ச நீதிமன்றம் வரை போயும் 2018-ல் வழக்கு தோற்றது. பழைய ஒப்பந்தத்துக்குப் பதில் புதியது செய்வதென 2024 டிசம்பரில் இரு மாகாணங்களும் ஒரு புரிந்துணர்வு ஆவணத்தில் கையெழுத்திட்டன.

நீர்மின்சாரமே வேண்டாம் என்று சொல்லும் கட்சி நான் அல்ல. அந்தக் குளிரில் வீடுகள் சூடாக வேண்டும், நிலக்கரியை எரிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் பேச்செல்லாம் விலையைச் சுற்றியே நடக்கிறது. நயாகராவுக்குக் கொடுத்த சலுகையைச் சர்ச்சிலுக்கும் கொடுத்தால் என்ன? கோடையில் சில வாரங்களாவது, பகலில் மட்டுமாவது தண்ணீர் விடலாம். எத்தனை நாள், எவ்வளவு என்பதை இந்த முறை இன்னு மக்களையும் உட்காரவைத்து முடிவுசெய்யலாம். அதனால் இத்தனை மெகாவாட் குறையும், கட்டுப்படியாகாது என்றால், அந்தக் கணக்கையாவது வெளியில் வைக்கட்டும்.