அடிபட்ட பிள்ளையிடம் குறை தேடாதீர்கள்

பள்ளியில் ஒரு பிள்ளையைச் சக மாணவர்கள் சீண்டுகிறார்கள் என்று தெரிந்ததும் பெரியவர்கள் முதலில் அவனிடம் கேட்பது, "நீ என்னடா செய்தாய்?" என்பதுதான். பயந்த சுபாவம், திக்குவாய், ஒல்லி உடம்பு என்று காரணத்தை அவனிடமே கண்டுபிடித்துவிடுகிறோம்.

2023 ஆகஸ்டில் திருநெல்வேலி மாவட்டம் நாங்குநேரியில் வெட்டுப்பட்ட பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் நன்றாகப் படிப்பவன். பட்டியல் சாதியைச் சேர்ந்த அவனை ஆதிக்கச் சாதி மாணவர்கள் ஏவல் வேலை வாங்கித் துன்புறுத்தியதால் சில நாள்கள் பள்ளிக்கே போகாமல் இருந்தான். ஆசிரியர்கள் விசாரித்தபோது காரணத்தைச் சொன்னான். அதன் பிறகு அந்த மாணவர்கள் இரவில் வீடு புகுந்து அவனை வெட்டினார்கள். தடுக்க வந்த தங்கையையும் விடவில்லை. அவன் எதிலும் குறைந்தவனாக இருந்ததால் இது நடக்கவில்லை. ஊர் அவனுக்கு ஒதுக்கியிருந்த இடத்தை அவன் படிப்பு தாண்டியதைப் பொறுக்க முடியாமல்தான் நடந்தது என்றே நான் கருதுகிறேன்.

யார் மீது கை வைத்தால் கேட்க ஆள் வராது என்பதைப் பிள்ளைகள் நம்மிடமிருந்துதான் கற்கிறார்கள். என் வகுப்பில் ஏழாவது படித்த ஒருவனின் தாய், காலையில் நிரப்பிக் கொடுக்கும் தண்ணீர் பாட்டில் மாலையில் அப்படியே திரும்பி வருகிறது என்று சொன்னார். கழிப்பறையில் வைத்து நான்கு பேர் அவனை மடக்குவார்கள். அங்கே போக நேரக்கூடாதென்று அவன் நாள் முழுக்கத் தண்ணீரே குடிக்காமல் இருந்திருக்கிறான். அந்த நால்வரில் ஒருவனின் தந்தை ஊரில் செல்வாக்குள்ளவர். நானோ எல்லோரையும் நிற்க வைத்துக் கண்டித்து, கைகுலுக்கச் சொல்லி அனுப்பினேன். மறுநாளிலிருந்து அடி கூடியது. புகார் சொன்னவன் யார் என்று அவர்களுக்குக் காட்டிக் கொடுத்தது நான்தான். இன்றும் அது எனக்கு வலிக்கிறது.

நாங்குநேரிக்குப் பிறகு அமைக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துரு குழு 2024 ஜூனில் அறிக்கை அளித்தது. சாதியைக் காட்டும் வண்ணக் கயிறு, மோதிரம், நெற்றிக்குறி ஆகியவற்றைத் தடுக்க வேண்டும், மாணவர்களை அகர வரிசையில் உட்கார வைக்க வேண்டும், பள்ளிப் பெயர்களிலிருந்து சாதியை நீக்க வேண்டும் என்பவை அதன் பரிந்துரைகளில் சில. கயிறு விஷயம் சின்னதல்லவா என்று சக ஆசிரியர்களே கேட்கிறார்கள். ஒரே சீருடை போட்ட நாற்பது பேரில் யார் நம் ஆள், யார் இல்லை என்பதை மணிக்கட்டைப் பார்த்தே பிரித்துவிட முடியுமென்றால், அது எப்படிச் சின்ன விஷயமாகும்? அந்தக் கயிற்றை வீட்டில் கட்டி அனுப்புவதும், பார்த்தும் பாராமல் வகுப்பெடுப்பதும் பெரியவர்களாகிய நாம்தானே?

கயிற்றை அவிழ்ப்பதோடு ஒவ்வொரு பள்ளியும் இன்னொன்றையும் முடிவு செய்ய வேண்டும்: வாய் திறந்து புகார் சொன்ன பிள்ளை அன்று மாலை எந்த வழியாக, யாருடைய துணையோடு வீடு திரும்புவான், அந்த இரவு அவன் வீட்டுக்கு யார் காவல் என்பதை அவன் புகாரை எழுதி வாங்கும்போதே முடிவு செய்ய வேண்டும்.