ஒரு ரிக்வெஸ்டுக்கு ஒரு செஷன், அதோடு சரி

பாளையங்கோட்டை, தென்காசி பக்கம் இப்போது வெப் அப்ளிகேஷன் எழுதுகிற பிள்ளைகள் நிறைய. திறமைக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் டேட்டாபேஸ் செஷனை (அப்ளிகேஷன் டேட்டாபேஸோடு நடத்தும் ஒரு சுற்றுப் பேச்சை) எங்கே திறப்பது, எங்கே மூடுவது என்பதை மட்டும் கடைசியில்தான் யோசிக்கிறார்கள். அதை முதல் நாளே முடிவு செய்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

போன சாரல் சீசனில் குற்றாலத்து லாட்ஜ் ஒன்றின் புக்கிங் தளத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். சனிக்கிழமை கூட்டம் ஏறினால் தளம் அப்படியே நின்றுவிடுகிறது, ஆனால் சர்வரில் சிபியூ சும்மா கிடக்கிறது, டேட்டாபேஸான போஸ்ட்கிரஸிலும் பாரமே இல்லை. பைத்தானில் டேட்டாபேஸோடு பேச உதவும் எஸ்க்யூஎல்ஆல்கெமியில் நீங்கள் ஒன்றும் மாற்றாவிட்டால் பூல் (திறந்து தயாராக வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) அளவு 5, நெருக்கடிக்கு மேலும் 10, ஆக ஒரு ப்ராசஸுக்கு 15 கனெக்‌ஷன்தான். பதினாறாவது ஆள் 30 விநாடி காத்திருந்து எரர் வாங்கிக்கொண்டு போவார். அந்த 15-ம் என்ன செய்துகொண்டிருந்தன என்று பார்த்தால் எல்லாமே ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’. அதாவது ஒரு டிரான்சாக்‌ஷனைத் திறந்துவிட்டு சும்மா நிற்கின்றன. ரூமைப் படித்துவிட்டு, டிரான்சாக்‌ஷனை முடிக்காமலே பேமென்ட் கேட்வேக்குப் போய் நிற்கிறது கோட். வாடிக்கையாளரின் பேங்க் பதில் சொல்லும்வரை கனெக்‌ஷன் அவர் கையில்.

பூலை 50 ஆக்கிவிடலாம் என்றார்கள். நாலு வொர்க்கர் (ஒரே தளத்தை ஓட்டும் தனித்தனி ப்ராசஸ்) ஓடினால் 200 ஆகிவிடும், போஸ்ட்கிரஸ் இயல்பாக அனுமதிப்பதே 100. ரூமை ‘நிறுத்திவைப்பு’ என்று எழுதி கமிட் செய்து (மாற்றத்தை உறுதிப்படுத்தி) செஷனை மூடு, அப்புறம் கேட்வேயைக் கூப்பிடு, பதில் வந்ததும் புது செஷனில் முடிவை எழுது. பூலைத் தொடவே வேண்டியதில்லை.

இதைவிடப் பொல்லாதது, செஷனையும் அதில் எடுத்த ரூம் ஆப்ஜெக்டுகளையும் குளோபலாக வைத்து எல்லா ரிக்வெஸ்டுக்கும் பரிமாறுவது. செஷன் ஏற்கெனவே கையில் இருக்கும் ஆப்ஜெக்டைத்தான் திருப்பிக் கொடுக்கும். மறுபடி குவெரி ஓட்டினாலும், கமிட்டோ ரோல்பேக்கோ (மாற்றத்தைக் கைவிடுவது) நடக்காதவரை பழைய மதிப்பின் மேல் புதியதை எழுதாது. பக்கத்து வொர்க்கரில் அந்த ரூம் போய்விட்டிருக்கும், இங்கே ‘காலி’ என்றே காட்டும். மதுரையிலிருந்து குடும்பத்தோடு வந்து இறங்குகிறவரிடம் ரிசப்ஷனில் என்ன பதில் சொல்வது?

செலரி போன்ற பின்னணி வேலைக்கும் ஆப்ஜெக்டைத் தூக்கிக் கொடுக்காதீர்கள். ஐடியை மட்டும் கொடுங்கள், அது தன் செஷனில் தானே எடுத்துக்கொள்ளட்டும்.

ஜாவா பக்கமும் இதே கதைதான். டெம்ப்ளேட்டில் ஹைபர்நேட்டின் லேசி எரர் (செஷன் மூடியபின் மிச்சத் தகவலைக் கேட்டால் வரும் எரர்) வரக்கூடாது என்று ஸ்பிரிங் பூட் இயல்பாகவே செஷனை வியூ முடியும்வரை திறந்து வைக்கிறது. எனக்கு அதில் உடன்பாடே இல்லை. 40 ரூம் காட்டுகிற பக்கம் சத்தமில்லாமல் பட்டியலுக்கு ஒன்று, ரூமுக்கு ஒவ்வொன்று என 41 குவெரி ஓட்டும், அது யார் கண்ணிலும் படாது. தேவையானதை முன்கூட்டியே ஜாயின் செய்து எடுத்துவிட்டு டெம்ப்ளேட்டுக்குப் போவதுதான் முறை.

போஸ்ட்கிரஸில் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன் செஷன் டைம்அவுட்’ என்று ஒரு அமைப்பு 9.6-லிருந்தே உண்டு. இயல்பில் அணைந்தே கிடக்கும், கட்டாயம் போட்டு வையுங்கள். இல்லையென்றால் ராத்திரி ஒரு டேபிளில் புது நெடுவரிசை சேர்க்க ஆல்டர் டேபிள் ஓட்டும்போது, அந்த டேபிளைப் படித்துவிட்டு எங்கோ மூடாமல் விட்ட ஒரே ஒரு டிரான்சாக்‌ஷனுக்காக அது காத்திருக்கும், அதற்குப் பின்னால் அந்த டேபிளுக்கு வருகிற சாதாரண செலக்ட்டும் வரிசையில் நிற்கும்.