வீட்டு அடுப்பில் ஸ்டேக்: முதலில் ஈரத்தைத் துடையுங்கள்

"வீட்டுக்குள்ள ஸ்டேக் சரியா வராது, அதுக்குக் கரி அடுப்பு வேணும், பெரிய கிரில் வேணும்" என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்காது. வரும். ஸ்டேக் என்பது தடிமனாக வெட்டி நல்ல சூட்டில் வாட்டி எடுக்கும் மாட்டுக்கறித் துண்டு. அதற்குக் கனமான இரும்பு வாணலி ஒன்று, ஒரு இடுக்கி, கறிக்குள் செருகிப் பார்க்கும் சின்னத் தெர்மாமீட்டர், உப்பு, எண்ணெய். இவ்வளவு போதும். வீட்டு ஸ்டேக் கெட்டுப்போவது பெரும்பாலும் கறியின் மேல் ஒட்டியிருக்கும் ஈரத்தால்தான். கருவி இல்லாததால் கெடுவது குறைவு.

நான் முதல் தடவை செய்தபோது கறியைப் பொட்டலத்திலிருந்து எடுத்து அப்படியே வாணலியில் போட்டேன். முதல் சில நொடி 'ஸ்ஸ்' என்று நல்ல சத்தம். அப்புறம் அது அடங்கிவிட்டது. எட்டிப் பார்த்தால் வாணலி நிறையச் சாம்பல் நிறத் தண்ணீர், நடுவில் கறி வெந்துகொண்டிருக்கிறது. நிறம் வரட்டும் என்று காத்திருந்தேன். கடைசியில் எடுத்தபோது மேலே வெளிறிக் கிடந்தது, உள்ளே மெல்ல முடியாத அளவுக்கு இறுகிவிட்டது. அடுப்பில் தீ போதவில்லை என்றுதான் அன்றைக்கு நினைத்தேன். தீ போதும். கறியைத்தான் நான் துடைக்கவே இல்லை.

ஸ்டேக்கின் மேல் வரும் அந்தப் பழுப்பு நிறத்துக்கும் மணத்துக்கும் மயார் வினை என்று பெயர். லூயி கமீல் மயார் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் 1912-இல் அதை விவரித்தார். கறியில் இருக்கும் அமினோ அமிலங்களும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து புதுப்புது மணங்களை உண்டாக்குகின்றன. இது நல்ல வேகம் எடுக்கச் சுமார் 140 டிகிரி செல்சியஸ் வேண்டும். தண்ணீரோ 100 டிகிரியில் கொதித்து ஆவியாகிறது. அதனால் மேற்பரப்பு நனைந்திருக்கும் வரை அந்த இடம் 100-ஐத் தாண்டாது. வாணலி எவ்வளவு காய்ந்திருந்தாலும் அதன் சூடெல்லாம் அந்தத் தண்ணீரை விரட்டவே போய்விடும். தண்ணீர் வற்றி நிறம் பிடிக்கத் தொடங்குவதற்குள் உள்ளே வேக வேண்டியதைவிட அதிகமாக வெந்திருக்கும்.

ஆகவே என் சமையல் முந்தின நாள் ராத்திரியே தொடங்கிவிடும். கறியை நன்றாகத் துடைத்து, எல்லாப் பக்கமும் உப்புத் தூவுவேன். அரை கிலோ கறிக்கு 5 கிராம் உப்பு எனக்குச் சரியாக இருக்கிறது. அதைக் கம்பித் தட்டில் வைத்து, மூடாமல், ஃப்ரிட்ஜின் கீழ்த்தட்டில் மற்ற சாப்பாட்டில் படாதபடி விட்டுவிடுவேன். உப்புப் போட்டால் கறி காய்ந்துவிடும் என்று பலர் பயப்படுகிறார்கள். அந்தப் பயத்தில் பாதி உண்மை. தூவிய சில நிமிடங்களில் உப்புத் தண்ணீரை வெளியே இழுக்கும். கறிமேல் முத்து முத்தாக நிற்பது கண்ணுக்கே தெரியும். ஆனால் அந்தத் தண்ணீரில் உப்புக் கரைந்து, மெல்ல மெல்லக் கறிக்குள்ளேயே திரும்பிப் போய்விடும். அதற்கு முக்கால் மணி நேரமாவது ஆகும். இடைப்பட்ட நேரத்தில்தான் கறி ஆக மோசமான ஈரத்தில் இருக்கிறது. உப்பிட்டுப் பத்து நிமிடம் ஊறவைத்து வாணலியில் போடுங்கள் என்ற யோசனை அதனால்தான் எனக்குப் பிடிப்பதில்லை. நேரம் இல்லையா, வாணலியில் போடும் அந்த நொடியில் உப்புப் போடுங்கள். நேரம் இருந்தால் ராத்திரியே போட்டு வையுங்கள். காலையில் ஃப்ரிட்ஜைத் திறந்து அந்தக் கறியைத் தொட்டுப் பாருங்கள். நிறம் கறுத்த சிவப்பாக மாறியிருக்கும், மேல்தோல் லேசாக இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும், விரலில் ஈரம் ஒட்டாது. அந்தக் காய்ந்த தோல்தான் பிறகு மொறுமொறுப்பாகும்.

கறி வாங்கும்போது நான் பார்ப்பது தடிமன். மூன்று, நான்கு சென்டிமீட்டர் இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் துண்டு மேலே சிவப்பதற்குள் உள்ளே முழுக்க வெந்துவிடும், யார் கைப்பக்குவமும் அதைக் காப்பாற்றாது. இரண்டு பேருக்கு இரண்டு மெல்லிய துண்டு வாங்குவதற்குப் பதில் ஒரே தடித்த துண்டை வாங்கிப் பகிர்ந்துகொள்வது மேல். விலாப் பக்கத்து ரிப் ஐ மாதிரி உள்ளே கொழுப்பு ஓடும் துண்டு, புதிதாகச் செய்பவருக்குக் கொஞ்சம் தப்பினாலும் மன்னிக்கும். கால், தோள் பக்கத்துத் துண்டுகளில் இணைப்புத் திசு அதிகம். அது இளகப் பல மணி நேரம் வேண்டும், அவற்றைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

சமைப்பதற்கு ஒரு மணி நேரம் முன்பே கறியை வெளியே எடுத்து வைக்கச் சொல்வார்கள். தடித்த துண்டின் நடுவில் அதற்குள் ஒரு சில டிகிரிதான் கூடும். நான் அதற்காகக் காத்திருப்பதில்லை.

வாணலி விஷயத்தில் மட்டும் கண்டிப்பு. நான்ஸ்டிக் வேண்டாம். அந்தப் பூச்சு சுமார் 260 டிகிரியைத் தாண்டினால் சிதையத் தொடங்கி நச்சுப் புகை விடும், வெறும் வாணலியைப் பெரிய தீயில் வைத்தால் அந்தச் சூடு சீக்கிரமே வந்துவிடும். வார்ப்பிரும்பின் பலம் அதன் எடை. நிறையச் சூட்டைச் சேர்த்து வைத்திருப்பதால் குளிர்ந்த கறி விழுந்தாலும் சட்டென்று ஆறாது. ஆனால் இரும்பில் சூடு மெதுவாகத்தான் பரவும். அவசரப்பட்டால் நடுவில் கொதிக்கும், ஓரத்தில் ஆறிக் கிடக்கும். மிதமான தீயில் ஐந்து நிமிடத்துக்குக் குறையாமல் காயவிட்டு, அப்புறம் தீயைக் கூட்டுங்கள். சுத்திகரித்த எண்ணெய் ஒரு கரண்டி ஊற்றி, லேசாகப் புகை எழும்போது கறியை உங்கள் பக்கத்திலிருந்து எதிர்ப்பக்கமாகச் சாய்த்துப் போடுங்கள், எண்ணெய் கைமேல் தெறிக்காது. ஜன்னலைத் திறந்து வையுங்கள், புகை வரத்தான் செய்யும். எண்ணெய் தீப்பற்றிவிட்டால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அடுப்பை அணைத்து, மூடி போட்டு மூடுங்கள்.

ஒரு பக்கம் முடியும் வரை தொடாதே என்பது அடுத்த அறிவுரை. நான் அரை நிமிடத்துக்கு ஒரு தடவை புரட்டுகிறேன். இரண்டு பக்கமும் மாறி மாறிச் சூடு வாங்குவதால் ஓரமெல்லாம் சாம்பல் நிறமாக வேகாமல் உள்ளே சீராக வேகிறது, நேரமும் குறைகிறது. நல்ல சூட்டில் வறுத்தால் சாறு உள்ளேயே பூட்டிக்கொள்ளும் என்ற நம்பிக்கையும் அப்படித்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டில் யூஸ்டஸ் ஃபான் லீபிக் என்ற ஜெர்மன் வேதியியலாளர் பரப்பிய கருத்து அது, தவறென்று பின்னால் தெரிந்தது. வாணலியில் கேட்கும் சத்தமே சாட்சி. கறியிலிருந்து வரும் தண்ணீர் ஆவியாகும் சத்தம்தானே அது? பூட்டிக்கொண்டிருந்தால் சத்தம் நின்றிருக்கும். வறுப்பது மணத்துக்காக. சாறு நிற்பதும் போவதும் உள்ளே எத்தனை டிகிரி என்பதைப் பொறுத்தது.

'பக்கத்துக்கு மூன்று நிமிடம்' என்ற கணக்கை நான் நம்புவதில்லை. உங்கள் தீ வேறு, என் தீ வேறு, துண்டின் தடிமன் வேறு. தெர்மாமீட்டரைப் பக்கவாட்டில் நடுமையத்துக்குச் செருகிப் பாருங்கள். 50-ஐ ஒட்டி ரேர் (உள்ளே நல்ல சிவப்பு), 54 முதல் 57 வரை மீடியம் ரேர் (நடுவில் மட்டும் சிவப்பு), 60-க்கு மேல் மீடியம் (நடுவில் இளஞ்சிவப்பு), 70 தாண்டினால் முழுக்க வெந்தது. 60-களின் நடுவிலிருந்து தசைநார்கள் கடுமையாகச் சுருங்கிச் சாற்றைப் பிழிந்து தள்ளும். அடுப்பிலிருந்து எடுத்த பிறகும் உள்ளே மூன்று, நான்கு டிகிரி ஏறும் என்பதால் கொஞ்சம் முன்பே எடுத்துவிட வேண்டும்.

பாதுகாப்பைப் பற்றி நேராகச் சொல்லிவிடுகிறேன். அமெரிக்க வேளாண் துறை முழுத் துண்டுக் கறியை 63 டிகிரி வரை சூடாக்கி 3 நிமிடம் ஆறவிடச் சொல்கிறது. மீடியம் ரேர் அதற்குக் கீழே. முழுத் துண்டில் கிருமிகள் பெரும்பாலும் மேற்பரப்பில்தான் இருக்கும், அங்கே நன்றாகச் சூடு படுகிறது. அரைத்த கறியில் மேலே இருந்தது உள்ளேயும் கலந்துவிடுவதால் அதற்கு 71 டிகிரி. வீட்டில் கர்ப்பிணியோ சின்னக் குழந்தையோ வயதானவர்களோ இருந்தால் அவர்கள் துண்டை நான் 63-க்குக் கீழே எடுப்பதே இல்லை. தட்டில் வரும் சிவப்புச் சாற்றைப் பார்த்து 'ரத்தம்' என்று முகம் சுளிப்பவர்களுக்கு: அது ரத்தம் இல்லை, தசையில் இருக்கும் மயோகுளோபின் என்ற சிவப்புப் புரதம் கலந்த தண்ணீர். அதைத் தெரிந்துகொண்ட பிறகும் ஒருவர் முழுக்க வெந்ததுதான் வேண்டும் என்றால் அவருக்கு அப்படியே செய்து கொடுங்கள். சாப்பிடுகிறவர் நாக்குக்குத்தான் சமைக்கிறோம்.

கடைசி இரண்டு நிமிடத்தில் தீயைத் தணித்து வெண்ணெய், நசுக்கிய பூண்டு இரண்டு பல். முன்னாடியே போட்டால் வெண்ணெயில் இருக்கும் பால் திடப்பொருள் கருகிக் கசக்கும். உருகி நுரைத்த வெண்ணெயைக் கரண்டியால் அள்ளிக் கறிமேல் ஊற்றிக்கொண்டே இருங்கள். பிறகு கறியைத் தட்டில் எடுத்து வைத்து ஐந்து நிமிடம் விடுங்கள்.

அந்த ஐந்து நிமிடத்தில் வாணலியைக் கழுவப் போட்டுவிடாதீர்கள். அடியில் ஒட்டியிருக்கும் பழுப்புப் பொருக்கு முழுக்கச் சுவை. அதிகப்படி கொழுப்பை வடித்துவிட்டு, கால் டம்ளர் தண்ணீர் ஊற்றி மரக்கரண்டியால் சுரண்டினால் அப்படியே கரைந்து வரும். பாதியாக வற்றியதும் அடுப்பை அணைத்து, குளிர்ந்த வெண்ணெய் ஒரு சின்னத் துண்டு போட்டுச் சுழற்றுங்கள், மினுமினுப்பாகக் கெட்டிப்படும். கறியில் நார் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்து அதற்குக் குறுக்கே வெட்டி, தட்டில் தேங்கிய சாற்றையும் அந்த வாணலியிலேயே சேர்த்து, சூடு ஆறுவதற்குள் மேலே ஊற்றிச் சாப்பிடுங்கள்.